பட்டியலில் எஞ்சிய பெயர்

ஒப்புரவு என்று ஒரு நற்குணம் உண்டு. தன் வலையை முடித்து உலர்த்திய பின்னும் வீட்டுக்குப் போகாமல், அருகில் கிடக்கும் அடுத்தவன் வலையின் கிழிசலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியை எடுப்பவனிடம் அது இருக்கும். அவனை எவரும் ஏவுவதில்லை. அவனும் அதை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஈகையில் கொடுப்பவன் கை மேலே இருக்கும், வாங்குபவன் கை கீழே இருக்கும். ஒப்புரவோ இருவரையும் ஒரே மணலில் அமர்த்திவிடும். அந்தக் குணம் குறைவற வாய்த்த ஒருவர் புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் வாழ்கிறார். அவர் பெயர் கன்னியப்பன்.

வயது முப்பத்தெட்டு. தந்தைக்குப் பின் படகு கைமாறியதால் கடலுக்குப் போகாத முதல் தலைமுறை அவருடையது. கணினிப் படிப்பு முடித்து, உழவர்கரையில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வகத்தில் கணினிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறார். மனைவி தனம் விடியலில் ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் விற்கிறாள். ஒரே மகள் சிவசங்கரி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். காலையில் குளித்து, அம்மன் படத்துக்கு முன் நின்று திருநீறு பூசிக்கொண்ட பின்னரே கணினியைத் திறப்பது கன்னியப்பனின் வழக்கம். அவரைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கடமையின் இருக்கை.

அந்த இருக்கையில் அமர்ந்து அவர் ஐந்தாண்டுகள் செய்த பணி இது. பெங்களூரில் ஒரு நிறுவனம், படகில் பொருத்தும் சிறு கருவி ஒன்றைச் செய்தது. படகு நிற்கும் இடம், காற்றின் போக்கு, அலையின் உயரம் ஆகியவற்றை அக்கருவி கைப்பேசிக்கு அனுப்பும். கைப்பேசியில் அவற்றைக் காட்டும் மென்பொருளுக்குத் ‘துறைகாட்டி’ என்று பெயர். நூறு வகைப் படகுகளிலும் நூறு வகைக் கைப்பேசிகளிலும் அதைச் சோதித்துத் திருத்த அந்த நிறுவனத்திடம் ஆள் இல்லை. ஆகவே துறைகாட்டியின் நிரல் வரிகள் முழுவதையும் இணையத்தில் திறந்து வைத்தார்கள். எவரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று உரிமம் எழுதினார்கள். இப்படித் திறந்து வைத்தால் ஊர் ஊராக அன்பர்கள் சேர்வார்கள் என்பது அவர்கள் கணிப்பு. கணிப்பு பலித்தது.

அன்பர்களைச் சேர்ப்பதற்கென்றே அந்த நிறுவனம் விஜயராகவன் என்ற இளைஞரை நியமித்திருந்தது. இனிய முகமும் நல்ல நினைவாற்றலும் உடையவர். ஒரு முறை பேசியவரின் பெயரை மறுமுறை மறக்கமாட்டார். முதல் திருத்தம் அனுப்பியவருக்கு வாழ்த்து மடல் வரும். பத்தாவதற்குப் பனியன் வரும். ஐம்பதாவதற்குப் பெயர் பொறித்த கேடயம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, துறைகாட்டியின் முகப்பிலேயே பங்களித்தோர் பட்டியல் ஒன்று இருந்தது. ஒரு வரி எழுதியவரின் பெயரும் அதில் நிற்கும். கன்னியப்பனுக்குத் ‘தூதர்’ என்ற பட்டம் கிடைத்தது. பிறர் கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதுவதும், புதியவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவதும் தூதரின் வேலை. அதற்கு ஊதியம் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அவர் அழைத்து வந்தவர்கள் முப்பத்தொரு பேர். கல்லூரி மாணவர்கள், மோட்டார் மெக்கானிக்குகள், படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுள் அன்புசெல்வி காற்றுகளின் பெயர்களைச் சேர்த்தாள். வடகிழக்கு, தென்மேற்கு என்று கருவி சொல்வதை மாற்றி, வாடை, கச்சான், கொண்டல் என்று மீனவர் சொல்லும் பெயர்களைத் தன் குரலிலேயே பதிவு செய்து சொல்ல வைத்தாள். படகு மெக்கானிக் ராஜவேல், உப்புக்காற்றில் திரை மங்கும்போது எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று கடலிலிருந்தே படம் எடுத்து அனுப்பினான். கோபிநாத் வேலையை விட வேடிக்கை அதிகம் செய்வான். ஆனால் எவரும் கண்டுபிடிக்காத பிழையை அவன்தான் கண்டுபிடிப்பான்.

பின்னால் நேர்ந்ததற்கெல்லாம் வித்து விழுந்தது முதல் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்ச் சமுதாயக் கூடத்தில். விஜயராகவன் பனியன்களோடும் பிரியாணிப் பொட்டலங்களோடும் வந்திருந்தார்.

“எல்லாரும் இந்த ஒப்பந்தத்தை ஒரு தடவை படிச்சிட்டு, கீழ இருக்குற கட்டத்துல டிக் பண்ணிடுங்க. அது இல்லாம நீங்க அனுப்புற திருத்தம் உள்ள போகாது” என்றார்.

“எத்தினி பக்கம் சார்?” என்று கோபிநாத் கேட்டான்.

“பதினாலு.”

“எங்கப்பாரு கல்யாணத்துக்கே ஒரே பக்கம்தான் சார் பத்திரிகை!”

கூடம் சிரித்தது. விஜயராகவன் பிரியாணியைப் பார்க்க வெளியே போனார்.

“கன்னியப்பன் அண்ணன் படிச்சிட்டாரு இல்ல? அவரே எல்லாத்துக்கும் போட்டுடட்டும். அவரு போட்டா ஊரு போட்ட மாதிரி” என்றான் ராஜவேல்.

அதில் எவருக்கும் வியப்பு இல்லை. ஊர்க்கூட்டத்தில் பஞ்சாயத்தார் ஒன்றை முடிவு செய்தால், முன்வரிசையில் ஒருவர் எழுந்து “சரிங்க” என்பார். அந்த ஒரு சொல்லே ஊரின் எல்லாத் தலைக்கட்டுக் குடும்பங்களின் சொல்லாகும். தனித்தனியே கேட்டால் அதுதான் அவமதிப்பு. ஆகவே முப்பத்தொரு பேரும் தங்கள் கணக்கைத் திறந்து கன்னியப்பனின் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டே போனார். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

அவர் மட்டும் அந்தப் பதினான்கு பக்கங்களைப் படித்திருந்தார். ஒன்பதாம் பிரிவில், வருங்காலத்தில் நிறுவனம் தான் விரும்பும் எந்த உரிமத்தின் கீழும் இந்த நிரலை வெளியிடலாம், அதாவது திறந்து வைத்ததை மூடவும் செய்யலாம் என்று இருந்தது. அதைப் பற்றி முதல் நாளே கேட்டும் இருந்தார். “அது வக்கீலுங்க எப்பவும் எழுதுறதுதான் கன்னியப்பன். நாம ஒரே குடும்பம் இல்லையா?” என்று விஜயராகவன் சொன்னார். குடும்பம் என்ற சொல்லுக்குப் பிறகு வேறு கேள்வி கேட்பதற்கு அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஐந்தாண்டுகள் ஓடின. வைத்திக்குப்பத்துப் படகுகளில் பாதிக்கு மேல் அந்தக் கருவி ஏறிவிட்டது. இந்த ஆண்டு பொங்கலுக்கு முன் விஜயராகவன் தொலைபேசியில் ஒரு நல்ல சொல் சொன்னார். புதுச்சேரி, கடலூர்க் கரைகளுக்கு ஊதியத்தோடு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கப் போகிறார்கள். கன்னியப்பனின் பெயரை மேலே அனுப்பியாயிற்று. தனத்துக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மார்க்கெட்டின் ஈரத்தரையில் குந்தி உட்காரக்கூடாது என்று மருத்துவர் சொல்லி ஓராண்டு ஆகிறது. ஆதலால் அந்தச் சொல் வீட்டுக்குள் விளக்கேற்றியது போல இருந்தது.

பொங்கல் முடிந்த வாரத்தில் அறிவிப்பு வந்தது. ‘எங்கள் சமூகத்தின் அன்புக்கு நன்றி’ என்று தொடங்கியது. மாசி முதல் துறைகாட்டி மூடிய மென்பொருள் ஆகிறது. மாதக் கட்டணம் செலுத்துபவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். பழைய நிரலை எவரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் படகுக் கருவிகள் இனிப் புதிய மென்பொருளோடு மட்டுமே பேசும். ‘பங்களித்த அனைவரும் ஒப்பந்தத்தில் இதற்கு முன்னரே இசைவு அளித்துள்ளனர்’ என்பது கடைசி வரி.

கன்னியப்பன் அந்தக் கடைசி வரியை மீண்டும் மீண்டும் படித்தார். அனைவரும் இசைவு அளிக்கவில்லை. புதுச்சேரியில் அளித்தவர் ஒருவர், அது அவர்தான். மற்ற முப்பத்தொரு பேரின் கட்டத்திலும் இருந்தது அவருடைய விரல். அப்படியானால் அவர்கள் எழுதியவை இன்னும் அவர்களுடையவை. அவற்றை மூட வேண்டுமானால் நிறுவனம் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கதவைச் சாத்தமுடியாது. ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால், பிறர் பெயரில் தான் குறியிட்டதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பின் ஒருங்கிணைப்பாளர் வேலையைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

மாலையில் தனம் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“முப்பத்தொரு பேரு கையையும் நீ ஒருத்தனே புடிச்சி அமுக்குனியா?” என்றாள் அவள். “ஏன் மாமா, எனக்கு ரேஷன் கடையில கைநாட்டு வெக்க மட்டும் நான்தான் நேருல போவணுமா?”

அவர் சிரிக்கவில்லை.

“சொன்னா அந்த வேலை?” என்று தனமே கேட்டாள்.

“போயிடும்.”

தனம் துணியைப் பிழிந்து மறுபடி முழங்காலில் போட்டாள். “சொல்லாம இருந்தா நீ தூங்கமாட்ட. நீ தூங்கலன்னா பொரண்டு பொரண்டு என்னையும் தூங்க வுடமாட்ட. சொல்லிட்டு வா. இந்தக் காலு இவ்ளோ நாளு தாங்குச்சி, இன்னும் கொஞ்ச நாளு தாங்கும்.”

ஞாயிற்றுக்கிழமை, அதே சமுதாயக் கூடத்தில் அனைவரையும் கூட்டினார். வந்தவர்கள் பத்தொன்பது பேர். மற்றவர்கள் தொலைபேசியில் சேர்ந்தார்கள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்பதாம் பிரிவைத் தான் படித்திருந்ததையும் சொன்னார்.

“அப்பவே எங்ககிட்ட சொல்லியிருந்தா?” என்று ராஜவேல் கேட்டான்.

“சொல்லியிருந்தா நீ பிரியாணிய வுட்டுட்டுப் போயிருப்பியா?” என்றான் கோபிநாத். இந்த முறை கூடம் பாதிதான் சிரித்தது.

அன்புசெல்வி எழுந்தாள். சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலுக்கு அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. கல்லூரி மதிப்பெண் நடுத்தரம். அவளிடம் காட்டுவதற்கு இருந்தது துறைகாட்டி ஒன்றுதான். “கம்பெனிக்கு எழுதுங்கண்ணா. வேலைய நாங்க செஞ்சோம், அது நிசம். எங்க பேரு அங்கதான இருக்குது, அது எங்க போயிடப் போவுது?” என்றாள்.

அன்றே கன்னியப்பன் கடிதம் எழுதினார். முப்பத்தொரு பெயர்களையும் வரிசையாகக் குறிப்பிட்டு, இவர்கள் எவரும் தம் கையால் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை என்றும், பிழை தன்னுடையது என்றும், நிரலை மூடுவதற்கு முன் இவர்களைக் கேட்பதே அறம் என்றும் முடித்தார். அனுப்பும் முன் கண்மூடி அம்மனை நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘உங்கள் நேர்மைக்கு நன்றி. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ குப்பத்தில் அதைத் திருவிழாச் செய்தி போலப் படித்தார்கள். ராஜவேல் தேநீர் வாங்கிக் கொடுத்தான். இரண்டு வாரம் அவர்கள் நம்பிக்கையோடு இருந்தார்கள். அந்த இரண்டு வாரத்தைத்தான் கன்னியப்பனால் இன்றும் நினைக்க முடியவில்லை.

பதினைந்தாம் நாள் விஜயராகவன் அழைத்தார். குரலில் பழைய இனிமை இல்லை.

“கன்னியப்பன், நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்.”

“என்ன சார் ஆச்சி?”

“நீங்க குடுத்தீங்களே பெயர்ப் பட்டியல், அதை வெச்சு அந்த முப்பத்தொரு பேர் எழுதின ஒவ்வொரு வரியையும் தேடி எடுத்துட்டாங்க. உள்ள இருக்குற ஆளுங்க உக்காந்து எல்லாத்தையும் புதுசா எழுதிட்டாங்க. உங்க ஊர்க்காரங்க எழுதினது ஒரு எழுத்துகூட இப்ப அதுல இல்ல. அதனால யாரையும் கேக்க வேண்டியதும் இல்ல.”

“அந்த பேருங்க, சார்?”

“அதையும் எடுத்துட்டாங்க. வக்கீல் சொல்லிட்டாராம். நிரல் இருந்த பழைய களஞ்சியத்தையே மூடிட்டு, யார் எப்ப எழுதினாங்கங்குற வரலாறு இல்லாம புதுசு திறந்திருக்காங்க.” அதோடு இன்னொன்றும் சொன்னார்: “எனக்கும் இந்த மாசத்தோட சரி. சமூகம் முடிஞ்சுபோச்சுன்னா சமூகத்துக்கு ஆள் எதுக்கு?”

கன்னியப்பன் கணினியைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். நாட்டின் வேறு கரைகளைச் சேர்ந்த பெயர்கள் அப்படியே இருந்தன. புதுச்சேரி என்ற தலைப்பின் கீழே முப்பத்திரண்டு பெயர்கள் இருந்த இடத்தில் ஒன்றே இருந்தது. கன்னியப்பன், தூதர். அவர் தன் கட்டத்தில் தானே குறியிட்டவர் அல்லவா? அவருடைய ஒப்பந்தம் ஒன்றுதான் குற்றமற்றது.

தன் பெயரையும் நீக்கிவிடுமாறு உடனே எழுதினார். வரி வரியாகக் கெஞ்சினார் என்றே சொல்லலாம். மறுநாள் விடை வந்தது: ‘உங்கள் ஒப்பந்தம் செல்லுபடியாகும். பங்களிப்பைத் திரும்பப் பெற வழியில்லை. பங்களித்தவரைக் குறிப்பிடுவது எங்கள் கடமை.’

ஊரில் எவரும் அவரைக் கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூட்டத்துக்கு நேரில் வராமல் தொலைபேசியில் கேட்ட பன்னிரண்டு பேருள் சிலர், முகப்பில் அவர் பெயர் மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டுத் தமக்குள் ஏதோ முடிவு செய்துகொண்டார்கள். தெருவில் எதிர்ப்பட்டால் “வாங்க தூதரே” என்றார்கள். முன்பும் அப்படித்தான் அழைத்தார்கள். இப்போது சொல்லும்போது நிற்பதில்லை.

அன்புசெல்வி சென்னைக்குப் போய்விட்டு வந்தாள். வந்த அன்றே அவர் வீட்டு வாசலில் நின்றாள். தனம் உள்ளே அழைத்தும் வரவில்லை.

“அவங்க என் கண்ணு முன்னாலயே தேடினாங்கண்ணா. என் பேரு இல்ல. ‘புதுச்சேரியில இந்த ஒருத்தர்தான இருக்காரு, அப்ப நீங்க என்ன பண்ணீங்க’ன்னு கேட்டாங்க.”

“என்கிட்ட பழைய பிரதி முழுசா இருக்குதும்மா. உன் பேரு, தேதி, நீ எழுதின ஒவ்வொரு வரியும் இருக்குது. நானே எடுத்துக்கிட்டு வந்து காட்டுறேன்.”

“சொன்னேண்ணா. ‘தெரிஞ்சவங்க கம்ப்யூட்டர்ல யாரு பேர வேணும்னாலும் எழுதிக்கலாம்மா’ன்னு சிரிச்சாங்க. திட்டல. நல்லாத்தான் பேசினாங்க.” செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டாள். “உங்கமேல கோவம் இல்லண்ணா. நான்தான எழுதச் சொன்னேன்.”

அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது அவள் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள்.

மாசி மகம் வந்தது. எங்கெங்கிருந்தோ தெய்வங்கள் வைத்திக்குப்பத்துக் கடலுக்கு நீராட வந்தன. மயிலம் முருகன் வந்தார். பெயர் தெரியாத சிற்றூர்களின் அம்மன்களும் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வந்தார்கள். ஒவ்வொரு தெய்வத்தையும் ஊர்ப்பெயர் சொல்லி ஒலிபெருக்கி வரவேற்றது. எவ்வளவு சிறிய ஊரானாலும் ஒரு பெயரும் விடுபடவில்லை. கன்னியப்பன் கூட்டத்தில் கைகூப்பி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சென்ற ஆண்டு இதே இடத்தில் அவருடைய முப்பத்தொரு பேரும் ஒரே நிறப் பனியனில் நின்று நீர்மோர் வழங்கினார்கள். இந்த ஆண்டு ராஜவேல் மட்டும் அருகில் வந்து நின்றான்.

“புதுசு போட்டுப் பாத்தேண்ணா. வாடைன்னு சொல்லமாட்டுது. வடகிழக்குத் திசையிலிருந்து காற்று வீசுகிறதுன்னு ஒரு மிசின் பொண்ணு படிக்கிது. அது படிச்சி முடிக்கிறதுக்குள்ள காத்து வந்துட்டுப் போயிடும்.”

“பழசு?”

“படகுல இருக்குற பெட்டியோட பேசமாட்டுதுண்ணா. எங்களுக்காக அந்தப் பிரதிய நீ வெச்சிருக்கன்னு தெரியும். ஆனா பேசமாட்டுது.”

இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

கன்னியப்பன் அந்தப் பழைய பிரதியை இணையத்தில் வேறோர் இடத்தில் ஏற்றி வைத்திருக்கிறார். முகப்பில் முப்பத்தொரு பெயர்கள் உள்ளன. தன் பெயரை அவர் சேர்க்கவில்லை. எந்தக் கருவியோடும் பேச முடியாத அந்த மென்பொருளை எவரும் இறக்கிக்கொள்வதில்லை. ஆயினும் தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, கேள்விப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். ‘கேள்விகள் ஏதும் இல்லை’ என்று வருகிறது. ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு உழவர்கரைக்குப் புறப்படுகிறார். அதற்கு முன்னரே தனம் கூடையோடு ஆட்டோ ஏறியிருப்பாள்.

கேட்க ஆளில்லாத விடைகளோடு விழித்திருக்கும் அந்த இல்லத்துக்கு அருள் சுரக்கட்டும். தனத்தின் முழங்காலில் வலி தணிக. அவள் கூடை நண்பகலுக்குள் காலியாகுக. சிவசங்கரி தன் கையால் இடும் ஒவ்வொரு குறியும் அவளை வாழ வைப்பதாகுக. கடலாடி மீண்ட தெய்வங்கள் எல்லாம் அவ்வாசலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, அழிக்கப்பட்ட முப்பத்தொரு பெயர்களையும் அழியாமல் எஞ்சிய ஒன்றையும் சேர்த்துச் சொல்லி, அக்குடியை வாழ்த்திச் செல்க.